பியர்ஸா, கார்னெட்டா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் 2013-இல் கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் சேர்த்துப் புருக்ளினுக்குத் தள்ளிவிட்டது. 37 வயது கார்னெட்டை மட்டும் கொடுத்திருக்கலாமே? 15 பருவம் வேறு அணிச் சட்டையே போடாத பியர்ஸுக்கு இதுதான் மரியாதையா? காப்பிக் கடையில் எனக்கும் என் மகனுக்கும் இன்றும் இதே வாக்குவாதம்.
- ஒரு வாசகர், பிடோக்

பதில்: மகன் என்ன சொன்னார் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதிலேயே தெரிகிறது, அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வயதில் பெரியவரை அனுப்பி, சின்னவரை வைத்துக்கொள் என்கிறீர்கள். அந்தச் சின்னவருக்கு அப்போது 35! சரி, வயதை விடுங்கள். பழைய கார் வாங்கப் போனால் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்று) எத்தனை ஆண்டு மிச்சம் என்றுதானே முதலில் கேட்பீர்கள்? நிறைய மிச்சமிருந்தால் விலை கூடும். மூத்த ஆட்டக்காரர் விஷயத்தில் கணக்கு தலைகீழ். ஒப்பந்தம் நீள நீள வாங்குகிறவர் யோசிப்பார். பியர்ஸுக்கு மிச்சம் ஒரே ஆண்டு. விற்கச் சுலபமானவர் அவர்தான். வைத்திருந்தால் சும்மா கைநழுவக்கூடியவரும் அவர்தான். அந்தச் சூடு பாஸ்டனுக்கு ஏற்கெனவே பட்டிருந்தது. முந்தின ஆண்டுதான் இன்னொரு மூத்த ஆட்டக்காரர் ரே ஆலன் ஒப்பந்தம் முடிந்து மயாமிக்குப் போனார், பதிலுக்கு ஒரு காசு வரவில்லை. பியர்ஸும் புருக்ளினில் ஒரே பருவம் ஆடிவிட்டு வாஷிங்டனுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம், வாங்குகிறவரின் அவசரம். புருக்ளின் நெட்ஸ் நியூ ஜெர்சியிலிருந்து புது அரங்குக்குக் குடிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. உரிமையாளர் புரோகோரோவுக்கு உடனே கிண்ணம் வேண்டும். கார்னெட் மட்டும் வந்தால் அந்த ஆசைக்குத் தீனி போதாது. இருவரும் வந்ததால்தான், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் தங்கள் 2014, 2016, 2018 முதல் சுற்று இடங்களையும், 2017-இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். புருக்ளினுக்குக் கிடைத்தது? டொராண்டோவுடன் ஒரு சுற்று வெற்றி, அடுத்து மயாமியிடம் தோல்வி.

அந்த இடங்களால் பாஸ்டனுக்கு 2016-இல் ஜேலன் பிரவுன் வந்தார். 2017-இல் தேர்வில் முதலிடமே கிடைத்தது. அதைப் பிலடெல்பியாவிடம் கைமாற்றி, மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டத்தை எடுத்தார்கள். 2024 கிண்ணம் இந்த இருவர் தோளில் வந்ததுதான். டேட்டம் பிறந்தது 1998-இல், பாஸ்டன் பியர்ஸைத் தேர்ந்தெடுத்த அதே ஆண்டு. இதையெல்லாம் முன்பே கணித்ததாக யாரும் மார்தட்ட முடியாது. தோற்கும் அணிக்குத்தான் தேர்வில் முன்னிட வாய்ப்பு அதிகம்; நெட்ஸ் அவ்வளவு மோசமாகச் சரிந்தது பாஸ்டனின் அதிர்ஷ்டம்.

“சான் அன்டோனியோ 38 வயது டங்கனை வைத்துக்கொண்டே 2014-இல் ஜெயித்ததே” என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். டங்கன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவர். பக்கத்திலேயே இளம் ஆட்டக்காரர் கவாய் லெனர்ட் வளர்ந்து நின்றார். பாஸ்டன் 2013-இல் நியூயார்க்கிடம் முதல் சுற்றிலேயே தோற்ற அணி. முக்கிய ஆட்டக்காரர் ரோண்டோ முழங்கால் அடிபட்டு வெளியே. பயிற்சியாளர் ரிவர்ஸும் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். பியர்ஸை வைத்துக்கொண்டு எதை ஜெயிப்பது?

மரியாதை கேட்டீர்கள். பியர்ஸின் 34-ஆம் எண்ணை, இனி யாருக்கும் கிடையாது என்று, 2018-இல் அரங்கின் கூரையில் ஏற்றினார்கள். அதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

ஒன்றை மறந்துவிட்டீர்கள். தன்னை வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்று தடுக்கும் உரிமை கார்னெட்டின் ஒப்பந்தத்தில் இருந்தது. அதை அவர் விட்டுக்கொடுத்ததால்தான் பேரமே நடந்தது. கூட பியர்ஸ் வராமல் இருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா? “கார்னெட்டை மட்டும்” என்று பாஸ்டனைக் கேட்பதற்கு முன்னால் கார்னெட்டையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அடுத்த முறை காப்பிக் காசு உங்கள் பையிலிருந்து.