மகனின் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால் தேசிய சேவை தீர்ந்துவிடுமா?

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்தவன். சிங்கப்பூரில் பொறியாளர்; வேலையின் பேரில் நிரந்தரவாசம் பெற்றேன். மனைவி, மகன், மகள் மூவருக்கும் என் மூலம் கிடைத்தது. மகனுக்கு 15 வயது. என்னை யாரும் அழைக்காதபோது, தேசிய சேவைக்கு (ஆண்களுக்கான கட்டாயப் படைச் சேவை) அவன் மட்டும் ஏன் போகவேண்டும் என்று புரியவில்லை. பள்ளி முடிந்ததும் பொறியியல் படிக்கக் கோயம்புத்தூருக்கு அனுப்ப நினைக்கிறோம். முகவர் ஒருவர், "தேசிய சேவைக் கடிதம் வருமுன் பையனின் நிரந்தரவாசத்தை விட்டுவிடுங்கள், பட்டம் வாங்கித் திரும்பி வந்து அவனே விண்ணப்பித்துக்கொள்ளட்டும். நீங்கள் குடியுரிமை வாங்கிவிட்டால் உங்களுக்கும் பாதிப்பு வராது" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் ஐயா. முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களை யாரும் சேவைக்கு அழைக்கவில்லை. மகனை மட்டும் ஏன் அழைக்கிறார்கள் என்ற குழப்பம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நிரந்தரவாசம் எந்த வழியில் வந்தது என்பதுதான் இங்கே கேள்வி. வேலைத் தகுதியின் பேரிலோ முதலீட்டாளர் திட்டத்திலோ முதன்மை விண்ணப்பதாரராகப் பெற்ற ஆண்களுக்கு விலக்கு உண்டு; இவர்களைத்தான் முதல் தலைமுறை என்பார்கள். பெற்றோரின் ஆதரவில் பெற்றவர்களுக்கும், வெளிநாட்டு மாணவராக இருந்தபோது பெற்றவர்களுக்கும் அது கிடையாது. உங்கள் மகன் இந்த இரண்டாம் வகை.

இந்த ஒரு விலக்கை வைத்துத்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள். இப்போது விட்டுவிட்டு, பிறகு வேலையின் பேரில் வந்தால் அவனும் முதல் தலைமுறைதானே என்று கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் அவன் பத்தாண்டு கழித்து விண்ணப்பம் போடும்போது புதிய ஆளாக வரப்போவதில்லை. 15 வயதில் அடையாள அட்டைக்காகப் பதிந்த கைரேகையும், நிரந்தரவாசியாக இருந்து சேவை செய்யாமல் விலகினான் என்ற பதிவும் குடிநுழைவு ஆணையத்திடம் இருக்கும். அப்படி விலகியவர்கள் பின்னாளில் படிக்கவோ வேலை பார்க்கவோ, மீண்டும் நிரந்தரவாசமோ குடியுரிமையோ கேட்கவோ வந்தால் அது பாதகமாகவே கருதப்படும் என்று அரசாங்கம் மறைக்காமல் சொல்லியிருக்கிறது. ஆதரவு கொடுத்த பெற்றோரின் விண்ணப்பங்களையும் அது தொடலாம். உங்கள் மறுநுழைவு அனுமதியை (நிரந்தரவாசி வெளிநாடு போய்த் திரும்பத் தேவையான அனுமதி) புதுப்பிப்பதும், நாளை மகளுக்குக் குடியுரிமை கேட்பதும் அதே குடும்பக் கோப்பில்தான் வருகின்றன. நீங்கள் முந்திக்கொண்டு குடியுரிமை வாங்குவது அந்தக் கோப்பை மூடிவிடாது.

என்னிடம் வந்த ஓர் இளைஞர் 17 வயதில் விட்டுப் போனவர். படித்து முடித்தார், இங்கே ஒரு நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தது, வேலை அனுமதி மறுக்கப்பட்டது. வந்த பதிலில் காரணமே இல்லை. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அதற்கும் அதே பதில்தான்.

இங்கே என் ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். "பாதகமான விளைவு" என்றால் எத்தனை ஆண்டு, எந்த அனுமதிக்கு, குடும்பத்தில் யார் யாருக்கு? இதை எழுத்தில் வரையறுத்துச் சொன்னால் பெற்றோர் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுப்பார்கள். சொல்லாததால்தான் அந்த இடைவெளியில் முகவர் கடை விரிக்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்திடும் நாளிலேயே, பதினெட்டில் என்ன வரும் என்று ஓர் அதிகாரி உட்காரவைத்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அடுத்து கோயம்புத்தூர். மேல்நிலைப் பள்ளி அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடிக்கச் சேவையைத் தள்ளிவைப்பார்கள்; பல்கலைக்கழகப் படிப்புக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். பொறியியல் முதலாண்டில் சேர்ந்துவிட்டான் என்பதைக் காரணமாக ஏற்கமாட்டார்கள். பதினாறரை வயதில் பதிவு, 18இல் சேர்ப்பு, 2 ஆண்டு முழுநேரச் சேவை. உடற்தகுதிச் சோதனையில் முன்கூட்டியே தேறினால் 2 மாதம் குறையும். அதன்பின் ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை அழைப்பு வரலாம். 13 வயதைக் கடந்த பையன் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால் வெளிநாட்டுப் பயண அனுமதி வேண்டும். 2 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் பிணையும் கேட்கலாம். அது 75,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) தொடங்குகிறது. ஆகவே பிளஸ் டூ படிக்கவே ஊருக்கு அனுப்புவதானாலும் அனுமதி வாங்காமல் விமானம் ஏற்றாதீர்கள். நிரந்தரவாச அட்டையையும் விடாமல், சேவைக்கும் வராமல் ஊரிலேயே இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்கவே வேண்டாம். 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. எவ்வளவு காலம் தலைமறைவோ அவ்வளவு நீளும் தண்டனை என்று உயர் நீதிமன்றம் 2017இல் வகுத்துவிட்டது.

குடியுரிமை பற்றி. மகன் குடிமகனானாலும் அதே 2 ஆண்டுதான், ஒரு நாள்கூட அதிகமில்லை. மாறுவது வெளியேறும் கதவு: நிரந்தரவாசத்தை விலை கொடுத்தாவது விடலாம், குடியுரிமையை 21 வயதுக்கு முன் துறக்க முடியாது, சேவை பாக்கி இருந்தால் அதன்பிறகும் நிறுத்திவைக்கலாம். சேவை முடித்தால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்பதும் பொய், விண்ணப்பித்துத்தான் பெறவேண்டும். உங்களைப் பொறுத்தவரை, சிங்கப்பூர்க் குடிமகனானால் இந்தியக் கடப்பிதழை ஒப்படைக்க வேண்டும். ஊர் நிலம் பறிபோகும் என்று முகவர் பயமுறுத்தினால் கவலை வேண்டாம். இருக்கும் நிலம் இருக்கும். புதிதாக விவசாய நிலம் வாங்க, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியராகிய உங்களுக்கு இன்றைக்கும் அனுமதி இல்லை.

சிங்கப்பூரில்தான் வாழ்வு என்றால் அவன் இங்கேயே படித்து, சேவை முடித்து, பிறகு கோயம்புத்தூரோ வேறெங்கோ போகட்டும். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால் சேவை முடியும்வரை வைத்திருப்பார்கள். அவனுக்கு இங்கே எதிர்காலமே வேண்டாம் என்று குடும்பமாக உறுதியாக இருந்தால் மட்டும் அட்டையை விடுங்கள். திரும்பி வரலாம் என்ற நினைப்பை அன்றே விட்டுவிட வேண்டும். எதுவானாலும் முதலில் பையனிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை.

பதிவுக் கடிதம் வந்ததும் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான மின்னடையாளம்) மூலம் அவனே பதிந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை, முகவரும் தேவையில்லை.