நெஞ்சில் கோர்த்த நீரை எடுத்தும் மறுபடி சேர்வது ஏன்?

அப்பாவுக்கு ஊசி வைத்து நீர் எடுத்தும் பத்தே நாளில் திரும்பச் சேர்ந்துவிட்டது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீர் நுரையீரலுக்குள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் இரட்டைச் சவ்வுக்கு நடுவில். அங்கே வழவழப்புக்காக எப்போதும் இரண்டு மூன்று டீஸ்பூன் இருக்கும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. இதயம் தளர்ந்தால் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி நீர் கசியும். காசநோயில் சவ்வே அழற்சி கண்டு, புரதம் மிகுந்த நீராக ஊறும். எடுத்த நீரில் புரதம் பார்ப்பது, காரணம் இவற்றில் எந்த வகை என்று அறியத்தான். இதயத் தளர்ச்சிக்குச் சிறுநீர் பிரிய மாத்திரை, காசநோய்க்கு வழக்கமாக 6 மாத மருந்து. ஊசி மூச்சுத்திணறலைத் தணிக்கும், அவ்வளவுதான், ஊற்றை அடைக்காது.

அப்புறம், 'முழுசாக எடுக்கவில்லையே' என்ற வருத்தம் வேண்டாம். ஒரே தடவையில் பொதுவாக ஒன்றரை லிட்டரோடு நிறுத்துவார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோர்க்கலாம். எடுத்த நீரின் பரிசோதனை அறிக்கையை முதலில் கேட்டு வாங்குங்கள்.