புயலுக்கு முன் பெற்றோரோடு காரில் கிளம்புவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அட்லாண்டிக் ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அமெரிக்கக் குளிர்காலத்துக்குப் பயந்து நம் அப்பா அம்மாக்கள் ஊரிலிருந்து வந்து தங்குவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஃப்ளோரிடாவின் டாம்பா பகுதியில் முதியோர் செவிலியராக வேலை பார்ப்பதால், பருவம் தொடங்கியதுமே எனக்கு இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் வீடு, ஸோன் ஏ. அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. ஜார்ஜியா வரை ஓட்டிப் போய்விடலாமா?

வேண்டாம். ஸோன் ஏ, முதலில் வெளியேறச் சொல்லும் மண்டலம் என்பதால் கட்டாயம் கிளம்ப வேண்டும், ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஃப்ளோரிடாவின் ஏ, பி, சி மண்டலங்கள் கடல்நீர் ஏற்றத்தை வைத்துப் பிரிக்கப்பட்டவை. நீங்கள் விலக வேண்டியது அந்தத் தண்ணீரிலிருந்து. மண்டலங்களுக்கு வெளியே, உள்நாட்டில், உறுதியான கான்கிரீட் கட்டடத்தில் ஒரு நண்பர் வீடு கிடைத்தால் போதும். பிளான்ட் சிட்டி, லேக்லேண்ட் பக்கம் என்றால் ஒரு மணி நேரப் பயணம்தான். அந்தத் தெருவில் மழைநீர் தேங்குமா என்று மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2017இல் இர்மா புயல் வந்தபோது மாமியாரை அழைத்துக்கொண்டு நாங்கள் அட்லாண்டாவுக்குக் கிளம்பினோம். ஏழு மணி நேரப் பாதைக்குப் பதினேழு மணி நேரம் ஆனது. இறங்கும்போது அவர் கால்கள் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இர்மாவும் பின்னாலேயே வந்தது, கரன்ட்டும் போனது. அன்று நான் எடுத்த முடிவு தவறு. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2005இல் ரீட்டா புயலுக்காக ஹூஸ்டனே ஒரே நேரத்தில் கிளம்பியது. கொளுத்தும் வெயிலில் 20 மணி நேரத்துக்கும் மேல் நெடுஞ்சாலையில் கிடந்தவர்கள் ஏராளம். அந்த வெளியேற்றத்தின்போதே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டாலஸ் அருகே தீப்பிடித்த ஒரு பேருந்தில் மட்டும் முதியோர் இல்லத்தைச் சேர்ந்த 23 பேர் போய்விட்டார்கள். வயதானவர்களுக்குச் சாலையும் ஓர் ஆபத்துதான்.

எப்போது கிளம்புவது? 'ஹரிக்கேன் வாட்ச்' என்பது புயற்காற்று தொடங்கச் சுமார் 48 மணி நேரம் முன்பும், 'வார்னிங்' 36 மணி நேரம் முன்பும் வரும் வானிலை அறிவிப்பு. அம்மாவோடு போகிறவர்கள் வாட்ச் வந்ததுமே, அடுத்த நாள் காலை வெளிச்சத்தில் கிளம்பிவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து கிழக்கே வரப் பெரும்பாலும் பாலம் தாண்ட வேண்டும். காற்று பலத்ததும் பாலங்களை மூடிவிடுவார்கள்.

அப்பா நாகப்பட்டினத்துக்காரர். "கஜாவையே பார்த்தவன் நான், இதுக்கா ஓடணும்?" என்கிறார். எப்படிக் கிளப்புவது?

அவர் பார்த்தது உண்மை, அதை மறுத்துப் பேசாதீர்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் தென்னைகளை வேரோடு சாய்த்ததை அவரையே சொல்லச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். அப்புறம் தனுஷ்கோடியைப் பற்றிப் பேசுங்கள். 1964 டிசம்பரில் பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கொண்டுபோனது கடல்நீர் என்பது அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். 2022 செப்டம்பரில் இயன் புயலில் ஃபோர்ட் மயர்ஸ் கடற்கரையில் நடந்ததும் அதே மாதிரிதான். தண்ணீர் 10 அடிக்கும் மேல் ஏறியது. இறந்தவர்களில் வயதானவர்கள் அதிகம்.

இன்னொன்று. முதலில் டாம்பாவை நோக்கி வருவதாகத்தான் இயனைக் கணித்தார்கள், பிறகு தெற்கே திரும்பிவிட்டது. வானிலைச் செய்தி வரைபடத்தில் வரும் அந்தக் கூம்பு வடிவம், புயலின் மையம் எந்த வழியாகப் போகலாம் என்பதை மட்டுமே காட்டும். கூம்புக்கு வெளியே இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று அப்பா சொன்னால், இதை அவருக்கு விளக்குங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், "உங்களை விட்டுட்டு நாங்களும் போக மாட்டோம், பேரப்பிள்ளைங்களும் இங்கேயேதான் இருப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைக் கேட்ட பிறகும் உட்கார்ந்திருந்த தாத்தா யாரும் இல்லை.

வழியில் பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று அம்மா தண்ணீரே குடிப்பதில்லை.

எனக்கு அதிகம் கவலை தரும் கேள்வி இதுதான். முதல் நாளிலிருந்தே குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று, தலைச்சுற்றல், கழிவறைக்குப் போகையில் விழுதல் என்று அது வளர்ந்துகொண்டே போகும். குடி குடி என்று வற்புறுத்துவதைவிட, அவர்களுடைய பயத்தைப் போக்கப் பாருங்கள். கேஸ் ஸ்டேஷன்கள் மூடியிருக்கலாம், ரெஸ்ட் ஏரியாவில் நீண்ட வரிசை நிற்கலாம். அதனால் மடக்கக்கூடிய கமோடு நாற்காலி ஒன்று, மறைத்துப் பிடிக்க இரண்டு பழைய புடவைகள், ஒரு பக்கெட், ஈரத் துடைப்பான் இவற்றை டிக்கியில் மேலாக வையுங்கள். கிளம்புவதற்கு முன்பே அம்மாவிடம் காட்டிவிடுங்கள். டயப்பர் என்றாலே முகம் சுருங்கும். "வழிக்கு ஒரு பேட் மாதிரி" என்று மருமகளோ மகளோ தனியாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். மணிக்கு அரை டம்ளர் போதும். இதயம் அல்லது சிறுநீரகத்துக்காகத் தண்ணீர் அளவு குறைக்கப்பட்டவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அன்றைக்கு என்ன செய்வது என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நாலு அடி நடக்கவிடுங்கள்.

இன்சுலினும் இந்திய மாத்திரைகளும் இருக்கின்றன. எப்படி எடுத்துப் போவது?

பிரிக்காத இன்சுலின் குளிர்ச்சியில் இருக்கட்டும், ஆனால் ஐஸைத் தொடக் கூடாது, உறைந்தால் வீண். பயன்பாட்டில் இருப்பதைச் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். டிக்கியில் வைக்காதீர்கள். காரை நிறுத்திவிட்டு இறங்கினால் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மாத்திரைகளின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதுங்கள். டோலோ, எக்கோஸ்பிரின், கிளைகோமெட் என்றால் இங்கே அவசரப் பிரிவில் யாருக்கும் புரியாது. அசிட்டமினோஃபென், ஆஸ்பிரின், மெட்ஃபார்மின் என்றால் புரியும். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடும் பெற்றோர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மருந்து அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை, அதனால் கையில் ஒரு மாத இருப்பு எப்போதும் இருக்கட்டும்.

அப்பாவுக்கு நினைவு மறதி நோய். மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் திறக்கப் பார்ப்பார்.

பின் இருக்கை, சைல்டு லாக், பக்கத்தில் அவருக்குப் பழகிய ஒருவர். காலையில் கிளம்பி, இருட்டும் முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள். புயல் செய்தியை அணைத்துவிட்டு அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போடுங்கள். ஏன் போகிறோம் என்று திரும்பத் திரும்ப விளக்கினால் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். "சாப்பிட்டுட்டுப் போகலாம்ப்பா" என்றால் அடங்குவார். தினமும் போர்த்தும் போர்வையை மறக்காதீர்கள். புது அறையில் ராத்திரி பாத்ரூம் விளக்கு எரியட்டும். சட்டைப் பையில் பெயர், நோய், உங்கள் இருவரின் எண்கள் எழுதிய சீட்டு ஒன்று இருக்க வேண்டும். கிளம்பும் அன்று காலை போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு ஆக்ஸிஜன் கருவி உண்டு. பொது முகாம் சரிவருமா?

சரிவராது. உங்கள் கவுன்ட்டி (மாவட்டம்) நடத்தும், மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கான சிறப்புத் தேவை முகாமில் முன்பதிவு செய்யுங்கள். புயல் பெயர் வாங்கும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்துவிடுங்கள். பார்த்துக்கொள்ள உடன் ஒருவரை அனுமதிப்பார்கள்.

திரும்பி வருவது எப்போது?

புயல் போன மறுநாளே வேண்டாம். ஓர் அடி தண்ணீர் ஓடினாலே சின்னக் கார் இழுத்துக்கொண்டு போய்விடும். இர்மாவுக்குப் பிறகு ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்றதால் 12 பேர் வெக்கையில் இறந்தார்கள். புயல் அப்போது கடந்து போயிருந்தது. முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓட்டினால் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, ஜன்னல் பக்கம் இல்லாமல் வையுங்கள். கரன்ட் வந்து, ஏசி ஓடி, வீடு குளிர்ந்த பிறகு அம்மாவையும் அப்பாவையும் கூட்டி வாருங்கள்.