பழைய ஸ்போர்ட்ஸ் கார் சங்கம்: கேள்வி பதில்

கோவை வட்டாரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் சங்கம் ஒன்றுக்குச் செயலாளராக இருக்கிறேன். பக்கத்து ஊர்களில் இதேபோல் தொடங்க நினைப்பவர்களும், சேர நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து: எங்கள் ஊரில் இங்கிலாந்துக் கார்களான எம்.ஜி. இரண்டு, டிரையம்ஃப் ஒன்று, ஒரு பழைய பென்ஸ் இருக்கின்றன. உடனே சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா சார்?

பதிவுக்கு அவசரம் வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கு ஏதாவது ஒரு மெஸ் வாசலில் கூடுங்கள். கார் ஓடாதவர் பைக்கில் வரட்டும், தப்பில்லை. ஆறு மாதம் கழித்தும் ஆள் வந்துகொண்டிருந்தால் பதிவைப் பற்றி யோசிக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும், நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கலாம். கண்காட்சிக்குப் போலீஸ் அனுமதி கேட்கப் போனாலும் கடிதத்தை எடுத்துப் படிப்பார்கள்.

இருப்பதிலேயே விலை உயர்ந்த கார் யாரிடம் இருக்கிறதோ அவரைத் தலைவராக்குவது நம் ஊர் வழக்கம். ஆக்கிவிட்டுப் போங்கள். பொருளாளர் மட்டும் கறாரான ஆளாக இருக்கட்டும்.

பொள்ளாச்சியிலிருந்து: அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தோட்டத்துச் சாளையில் கிடக்கிறது. அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே, உங்கள் சங்கத்தில் சேர்ப்பீர்களா? பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி.

தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. மற்ற நாடுகளில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் பின்னாளில் இங்கே வந்தது. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் தனிச் சேஸிஸை, அதாவது பாடியோடு ஒட்டாத அடிச்சட்டத்தை, கைவிட்டுக்கொண்டிருந்தபோது ஹெரால்டு அதை வைத்துக்கொண்டது. அந்தச் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன்பக்க சஸ்பென்ஷனும் அதே வம்சம். லோட்டஸ் எலான் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்கூட முன்சக்கரத்துக்கு டிரையம்ஃபின் பாகங்களையே எடுத்துக்கொண்டது. ஆகவே ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கு உங்கள் சாளையில் கிடப்பது சொந்தக்கார வண்டி. அவர் உங்களைத் தேடி வருவார். எங்கள் சங்கத்தில் ஹெரால்டுக்கு எப்போதும் இடம் உண்டு.

வண்டியை எழுப்பும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முன்சக்கரத்தின் அடியில் டிரன்னியன் என்ற பித்தளைப் பாகம் இருக்கும். அதற்கு கிரீஸ் அடிப்பது பல மெக்கானிக்குகளின் பழக்கம். கையேடு சொல்வது கியர் ஆயில். காய்ந்து கிடந்தால் ஒருநாள் அந்த இடம் முறிந்து சக்கரம் மடங்கிவிடும், அதனால் ஓட்டுவதற்கு முன்பே கழற்றிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று பின்பக்க ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுற்றிவிடும். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து: 'விஏ' நம்பர் எல்லோரும் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. வின்டேஜ் வண்டிகளுக்கென்று 'விஏ' எழுத்துகளோடு தரும் தனிப் பதிவு எண் அது, 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி. முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டிகளுக்கு அது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த, நம்பரே இல்லாத வண்டிக்கு இது வரப்பிரசாதம். அப்பா காலத்து எம்.எஸ்.ஒய். போன்ற பழைய மெட்ராஸ் நம்பர் உயிரோடு இருந்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி அந்த ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொண்டு போவதுதான் என் யோசனை. மாலையில் மனைவியோடு காபி குடிக்கப் போவதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

திருப்பூரிலிருந்து: அண்ணா, எனக்கு வயது 24. கார் இல்லை, வாங்கும் வசதியும் இப்போது இல்லை. சேரலாமா?

முதலில் உங்களைத்தான் சேர்ப்பேன். கார் உள்ளவர்கள் மட்டும் கூடும் சங்கங்கள் நாளாவட்டத்தில் நாற்காலி போட்டுப் பேசும் சங்கங்களாக ஆவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வண்டிகளுக்கு இன்று பஞ்சம் பணத்திலும் இல்லை, பாகத்திலும் இல்லை. எம்.ஜி.பி. என்ற எம்.ஜி. மாடலுக்கு முழு பாடி ஷெல்லே இங்கிலாந்தில் இன்றும் புதிதாக அடித்துத் தருகிறார்கள். கப்பல் கூலியும் சுங்கமும் கட்டினால் வந்து இறங்கும். வராததைச் செய்துகொள்ளக் கோவையில் லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு உண்டு, பம்ப்செட் செய்த கைகள் வாட்டர் பம்ப் புஷ்ஷுக்குத் திணறப் போவதில்லை. பஞ்சம் எதில் என்றால் எஸ்.யு. என்ற இங்கிலாந்து கார்புரேட்டர் இரண்டைக் காதால் கேட்டே சமன் செய்யும் ஆளில்தான். அப்படிப்பட்ட மெக்கானிக்குகள் பெரும்பாலும் எழுபதை நெருங்கிவிட்டார்கள், பிள்ளைகள் ஐ.டி.க்குப் போய்விட்டார்கள்.

சங்கம் செய்யக்கூடிய பெரிய காரியம், அந்த மாஸ்டர்களை மாதம் ஒருநாள் கூலி கொடுத்து வரவழைத்து, உங்களைப் போன்றவர்களைப் பக்கத்தில் நிற்க வைப்பதுதான். கோப்பை வாங்கும் காசை இதற்குப் போடலாம் என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்க, பழைய சட்டையோடு வாங்க.

கோவையிலிருந்து: இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகு என் எம்.ஜி.யில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. மனப்பிரமையா?

பிரமை இல்லை. முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள், பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலைத் தாங்காது, ஊறி உப்பி வெடிக்கும். கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஃபியூயல் பம்ப் டயாஃபிரத்தையும் சேர்த்து. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும், எஸ்.யு. கார்புரேட்டர் என்றால் அடியிலுள்ள ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்கி, ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்துச் சரி செய்யலாம். சீட்டுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பான் இல்லாத காரை எங்கள் பயணங்களில் சேர்ப்பதில்லை.

கரூரிலிருந்து: மலைப்பயணம் நடத்த ஆசை. ஊட்டியா, வால்பாறையா?

முதல் தடவை என்றால் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி, ஏறி இறங்கினால் வண்டிகளின் லட்சணம் தெரிந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். எந்த மலையாக இருந்தாலும் கிளம்பும் வாரத்தில் விதி என்னவென்று பார்த்துவிடுங்கள்.

முன்னால் போகிற காரை நிதானமான ஆள் ஓட்ட வேண்டும். கடைசி வண்டி புது ஜீப்பாகவோ பிக்கப்பாகவோ இருக்கட்டும், அதில் மெக்கானிக், தண்ணீர், இழுவைக் கயிறு. ஏறும்போது ரேடியேட்டர்தான் கவலை என்பார்கள், எனக்கு இறங்கும்போது பிரேக்தான் கவலை. டிரம் பிரேக் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள், பிரேக் ஆயிலைப் பயணத்துக்கு முன் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். டயர் பூ நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம், பக்கச் சுவரில் அது தயாரான வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். நான்கு இலக்கமே இல்லாத டயர் 2000-க்கு முந்தியது.

வேகம் வேண்டும் என்பவர்களைச் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீடுவே' என்ற பந்தயத் தடத்தில் காசு கட்டி ஓட்டச் சொல்லுங்கள். சென்னைப் பக்கம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டை அடுக்கிப் பந்தயம் விட்ட காலம் போய்விட்டது.

கோவையிலிருந்து ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் சங்கத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போகிறார். நான்கு மணி நேரம் கார்புரேட்டர் பேச்சு. நாங்கள் என்ன செய்வது?

உங்கள் கோபம் நியாயம். இதற்கு நல்ல மருந்து டி.எஸ்.டி. (நேரம், வேகம், தூரம்) ரேலி. சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்குச் செக்பாயின்ட்டைத் தொட வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் சொன்னபடி ஓட்ட வேண்டும், மூளை முழுக்கப் பக்கத்து சீட்டில். கணக்கில் நீங்கள் கெட்டி என்றால் வீட்டுக்காரர் டிரைவர்தான். உங்கள் சங்கத்தில் இல்லையென்றால் நீங்களே முன்னின்று நடத்துங்கள்.

நாமக்கல்லிலிருந்து: எங்கள் சங்கத்தில் ஒருவர் தன் பழைய காரில் மாருதி எஞ்சின் மாட்டியிருக்கிறார். அவரை நீக்க வேண்டும் என்று பாதிப்பேர். என்ன செய்ய?

கண்காட்சியில் அவருக்குப் பரிசு கிடையாது, பயணத்தில் எல்லோரோடும் வரலாம். எங்கள் விதி அவ்வளவுதான். பழைய வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, முப்பது வயது தாண்டி, சரித்திரப்படி சரியான நிலையில் காப்பாற்றப்பட்ட வண்டியைத்தான் பழம்பெரும் வண்டி என்கிறது. அந்த அளவுகோல் பரிசு மேடைக்கு. ரோட்டில் நின்றுபோன உங்கள் அசல் வண்டியை அந்த மாருதி எஞ்சின் இழுத்துவரும் நாள் வரும்.

நீக்க வேண்டியவர்கள் வேறு. உறுப்பினர் வீட்டு விதவையிடம் 'இது ஓடாதும்மா' என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கி விற்பவர்கள். வாங்கல் விற்கலில் கமிஷன் உண்டென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று விதியில் எழுதிவையுங்கள்.

மதுரையிலிருந்து: கல்யாண ஊர்வலத்துக்குக் கார்களை வாடகைக்கு விட்டு நிதி திரட்டலாமா?

கூடாது. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு, விபத்து என்றால் இன்சூரன்ஸும் கை விரிக்கும். இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் போடும் தொகைக்குத் தலையாட்டாமல் படங்களையும் பில்களையும் காட்டிப் பேசுங்கள்.

தாராபுரத்திலிருந்து: புதிதாக வாங்கிய 1951 எம்.ஜி. டி.டி.க்கு என் ஸ்பேனர் ஒன்றும் சேரவில்லை.

விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவு ஸ்பேனர் செட் வேண்டும். சங்கத்தில் ஒரு செட் பொதுவாக வாங்கி வையுங்கள், ஆளுக்கொன்று தேவையில்லை. ஒரு வேடிக்கை: அந்த எஞ்சின் செய்த, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, மெஷின்கள் மெட்ரிக். அதனால் எஞ்சின் போல்ட்டுக்குத் தலை விட்வொர்த், மரை மெட்ரிக். மற்ற இடங்களில் மரையும் இங்கிலீஷ் அளவுதான். ஆகவே கடையில் தலையைப் பார்த்து போல்ட் வாங்காதீர்கள், பழையதைக் கழற்றி எடுத்துப் போங்கள்.