பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் சாவித்துவாரம் எதற்கு?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரின் முன்பக்கம் சாவித்துவாரம் இருக்கிறது, ஆபீசில் எழுந்து போகும்போது பூட்டிவைக்க உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

1984-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிசி ஏடி என்ற கம்ப்யூட்டரில் இருந்த ஏற்பாடு அது. சாவியைத் திருப்பினால் கீபோர்டு வேலை செய்யாது, மேல்மூடியையும் கழற்ற முடியாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற வேலை நிற்காது, திரையில் இருப்பதும் அப்படியே தெரியும். விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை இயக்கிய டாஸ் பாஸ்வேர்டு கேட்காது இல்லையா, அதனால் அன்றைக்கு இதுவே பெரிய விஷயம்.

பூட்டு என்றால் ஏதோ பலமானது என்று நினைக்க வேண்டாம். அதிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு ஒயர் போகும், அவை இணைந்தால் கீபோர்டைக் கவனிக்கிற சிப்பான கீபோர்டு கன்ட்ரோலர் தட்டுவதைக் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான். பின்னால் வந்த மலிவுப் பெட்டிகள் பலவற்றில் மூடியை ஸ்க்ரூடிரைவரால் கழற்றி அந்த ஒயரைப் பிடுங்கினால் போதும், போதாததற்கு ஒரே சாவி பல பெட்டிகளுக்குப் பொருந்தும்!

இப்போதைய மதர்போர்டுகளில் இதற்கு இடமே கிடையாது. விண்டோஸ் என்றால் எழும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்துங்கள். லேப்டாப் ஓரத்தில் மாட்டுகிற கென்சிங்டன் பூட்டு திருட்டைத் தடுக்கத்தான், யாராவது உட்கார்ந்து தட்டுவதை அது தடுக்காது.