வீட்டிலேயே முன் ஷாக் மாற்றலாமா? ஸ்பிரிங்கைப் பிரிப்பதை மட்டும் பட்டறைக்கு விடுங்கள்

கேள்வி: 2011 மாடல் ஐ10, 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று அடிக்கிறது. வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்தே முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் நானே மாற்ற முடியுமா?

முடியும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம், முதல் தடவை என்றால் மூன்று. இந்த வேலையில் உயிருக்கு உலை வைக்கும் கட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஷாக்கைச் சுற்றியிருக்கும் காயில் ஸ்பிரிங்கைப் பிரிப்பது. அதனால் என் யோசனை இது. முழு செட்டாகக் காரிலிருந்து கழற்றுவதும் திருப்பி மாட்டுவதும் நீங்கள் செய்யுங்கள். நடுவில் அந்த செட்டை ஒரு ஆட்டோவில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்பிரிங்கை மட்டும் புது ஷாக்கில் ஏற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரிலோ ஸ்டாண்டிலோ பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும் இடத்தில் அது கால் மணி நேர வேலை.

காசு போடுவதற்கு முன், சத்தம் ஷாக்கிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவார்கள். முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும், பாதி போனதைக் காட்டாது. அதைவிட டயரைத் தடவிப் பார்ப்பது மேல்: ஓரத்தில் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் தரையில் ஒட்டாமல் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஷாக்கின் உடம்பில் லேசான ஈரப்பசை இருப்பதில் தவறில்லை. எண்ணெய் வழிந்து, அதில் புழுதி அப்பி, களிபோல இருந்தால் சீல் போய்விட்டது. சின்னச் சின்ன மேடுகளில் ‘கடகட’ என்று வந்தால் முதலில் லிங்க் ராடை (ஸ்டெபிலைசர் பாரின் நுனியை இணைக்கும் சின்னக் கம்பி) சந்தேகப்படுங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டொங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் அது மேலே, ஷாக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் மவுண்டின் பேரிங். ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து மவுண்ட் தலையில் உள்ளங்கையை வையுங்கள். பேரிங் இறுகியிருந்தால் அந்தத் துள்ளல் கையில் தெரியும்.

மவுண்டைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஷாக் மாத்தியும் சத்தம் போகலை’ என்று வருபவர்களில் பெரும்பாலானோர் ஷாக்கை மட்டும் புதிதாக வாங்கி, பழைய மவுண்டையும் பேரிங்கையும் திரும்ப மாட்டியவர்கள். 90,000 கிலோமீட்டர் ஓடிய ரப்பரைத் திரும்பப் போடாதீர்கள். இரண்டு பக்கத்துக்குமாக வாங்க வேண்டியவை: ஷாக் 2 (இடது வேறு, வலது வேறு, பிரேக் ஹோஸ் பிராக்கெட் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரியும்), மவுண்ட் 2, பேரிங் 2, பம்ப் ஸ்டாப் 2, டஸ்ட் கவர் 2, நடு ராடின் செல்ஃப் லாக் நட்டு 2. லிங்க் ராட் ஆடினால் அதுவும் ஒரு ஜோடி. ஸ்பிரிங் உடையாமல், தொய்யாமல் இருந்தால் பழையதே போதும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வீண் வேலை. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்.

உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தின் சேஸிஸ் எண்ணைக் கையில் வைத்திருங்கள். ஒரே மாடலிலேயே நடுவில் பாகம் மாறியிருக்கும், ‘ஐ10 ஷாக்’ என்று கேட்பது போதாது. கம்பெனி ஒரிஜினல் இல்லையென்றால் காப்ரியல், மன்ரோ இரண்டுமே நம்பி வாங்கலாம். பில் கேளுங்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, விளக்கு, கண்ணாடி தேடலாம். ஷாக் மட்டும் வேண்டாம். ‘ரீகண்டிஷன்’ என்று வருவது எண்ணெய் மாற்றிப் பெயின்ட் அடித்த பழைய உடம்பு. ராடில் துருப்புள்ளி இருந்தால் புது சீலையும் அது சீக்கிரம் கிழித்துவிடும்.

கருவிகள்: ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, 12, 14, 17, 19 சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும், நீளக் கைப்பிடி, 5, 6 எம்.எம். ஆலன் கீ, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, கட்டுக்கம்பி இரண்டு முழம். பேவர் பிளாக் தரையில் ஸ்டாண்டை நேரடியாக வைக்காதீர்கள். கல் ஒரு பக்கமாக அமுங்கும். ஓரடிச் சதுரத்தில் தடித்த பிளைவுட் துண்டு இரண்டு போட்டு அதன்மேல் வையுங்கள். சரிவுப் பாதையில் இந்த வேலையே கூடாது.

முந்தின நாள் இரவே எல்லா நட்டிலும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று கீழ் போல்ட்டுகளைத் தின்றிருக்கும். மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு வேறு தொல்லை: வைப்பருக்குக் கீழே தூங்குமூஞ்சி இலை மக்கி, தண்ணீர் போகும் வழியை அடைத்து, ஐப்பசி மழை முழுக்க மவுண்ட் பக்கம் கசிந்திருக்கும். நட்டைத் தொடுவதற்கு முன் மரையில் இருக்கும் மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் எடுங்கள்.

வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். முன்சக்கர இழுவை வண்டியில் முன்பக்கம் தூக்கியபின் கியரில் போட்டு நிறுத்துவதால் எந்தப் பயனும் இல்லை. முன்பக்கம் இரண்டையுமே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராட் வெளியே வராமல் அடம்பிடிக்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்ட் நழுவினால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் இருந்தால் அதன் வயர், இரண்டையும் ஷாக்கிலிருந்து விடுவியுங்கள். லிங்க் ராட் ஷாக்கில் மாட்டியிருந்தால் அதன் நட்டைத் திருப்பும்போது உள்ளிருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றும். நடுவில் ஆலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். ஆலன் ஓட்டை தேய்ந்து வழுக்கினால் மல்லுக்கட்டாமல் ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டுப் புதியது போடுங்கள்.

அடுத்தது நக்கிளை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்பு முட்டியை, ஷாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட். கழற்றுவதற்கு முன் போல்ட் தலையைச் சுற்றியும், ஷாக் பிராக்கெட் நக்கிளில் உட்கார்ந்திருக்கும் விளிம்பிலும் பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்த ஓட்டைகளில் இருக்கும் இம்மி இடைவெளிதான் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவை, தீர்மானிக்கிறது. நக்கிளைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைத் தொட்டும் தொடாமலும் வைத்து, நட்டை மட்டும் திருப்புங்கள். சில வண்டிகளில் போல்ட் கழுத்தில் பல் வெட்டியிருக்கும், போல்ட்டைத் திருப்பினால் ஓட்டையே கெட்டுவிடும். நட்டைப் போல்ட் நுனிக்குச் சமமாக நிறுத்தி, அதன்மேல் சுத்தியலால் தட்டினால் மரை பிழைக்கும்.

இரண்டாவது போல்ட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதைச் சாய விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் அதன் கிண்ணத்திலிருந்து விலகும். ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறைக்குள் பேரிங் கழன்றுவிட்டால் அரைநாள் வேலை இரண்டு நாள் ஆகும். அதனால் போல்ட்டை உருவும் முன்பே நக்கிளைக் கட்டுக்கம்பியால் மேலே எங்காவது கட்டிவிடுங்கள்.

இப்போது பானெட்டுக்குள். மவுண்டின் ஓரத்தில் இருக்கும் நட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும். கடைசி நட்டின்போது கீழே ஒருவர் ஷாக்கைத் தாங்கிப் பிடிக்கட்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான். கழன்றால் மவுண்ட் தகடு முகத்தை நோக்கித்தான் வரும். வேறு கார்களில் இதைப் படித்துவிட்டுச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போலோ போன்றவற்றில் மேலே ஒரே நட்டுதான் இருக்கும், ஸ்பிரிங்கைப் பிடிப்பது அதற்குக் கீழே உள்ள இன்னொரு நட்டு. அந்த வண்டிகளில் ஷாக்கின் கீழ்ப்பகுதி நக்கிளுக்குள் சொருகியிருக்கும், வழிமுறையே வேறு.

பட்டறையில் ஸ்பிரிங் மாற்றும்போது பக்கத்திலேயே நின்று சில விஷயங்களைப் பாருங்கள். புது ஷாக்கை நிமிர்த்தி வைத்து மூன்று நான்கு தடவை முழுக்க அமுக்கி இழுக்க வேண்டும். படுத்துக் கிடந்ததில் உள்ளே புகுந்த காற்று அப்போதுதான் மேலே போகும். பளபளக்கும் ராடைப் பிளையரால் பிடிக்க விடாதீர்கள், ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து எண்ணெய் கசியும். நடு நட்டை ஏர் கன்னால் அடித்தால் ராட் உள்ளே சுழன்று சீல் கெடும். ஆலன் கீயால் ராடைப் பிடித்து, ரிங் ஸ்பேனரால் முறுக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் நுனி, கீழ்த் தட்டில் இருக்கும் படியில் போய் முட்டி உட்கார வேண்டும். ஒரு விரல் தள்ளி உட்கார்ந்தாலும் முதல் திருப்பத்தில் ‘டிங்’ என்று குதித்து இடம் மாறும். பேரிங்கைத் தலைகீழாகப் போடுவதும் அடிக்கடி நடக்கிற தவறு.

மாட்டுவது தலைகீழ் வரிசை. மேல் நட்டுகளை விரலால் ஏற்றி, கீழ் போல்ட்டுகளை வந்த திசையிலேயே சொருகி, பழைய கோடுகளோடு பிராக்கெட்டைச் சேர்த்துவைத்து முறுக்குங்கள். இறுக்கத்துக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் சட்டம். சின்ன கார்களில் கீழ் போல்ட்டும் வீல் நட்டும் சுமார் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், மேல் நட்டுகள் அதைவிட மிகக் குறைவு. டார்க் ரென்ச் இல்லையென்றால் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும்: அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக 20 கிலோ காட்டும்வரை இழுத்தால் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். மேல் நட்டுகளை ‘இன்னும் கொஞ்சம்’ என்று முறுக்கினால் மவுண்டின் ஸ்டட் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து.

ஹோஸும் வயரும் கிளிப்பில் ஏறிவிட்டனவா, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பினால் டயரில் உரசுகின்றனவா என்று சக்கரம் மாட்டிய பின் ஒருமுறை பாருங்கள். கோடு எவ்வளவு துல்லியமாகப் போட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் அன்றைக்கே செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் டயர்தான் விலை கொடுக்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு முறை சரிபாருங்கள். முன்பக்கம் முன்பைவிட ஒரு சுற்று இறுக்கமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், புது ஷாக் அப்படித்தான் இருக்கும். ‘டொக்’ இன்னும் இருந்தால் நடு நட்டு முழுக்க இறங்கவில்லை, இல்லையேல் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்.

பழைய ஷாக்கைக் காயலான் கடைக்குப் போடும்போது அது கேஸ் ஷாக் என்பதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கிறது. கேஸ் கட்டிங் நெருப்பு பட்டால் வெடிக்கும்.