கேள்வி–பதில்: சைக்கிளைத் தலைகீழாக்கிப் பார்த்தீர்களா?

விடிய எழும்பி நிலாவெளி வரை ஓடப் பழகப் போகிறேன். மெல்லிய டயர் சைக்கிள் நல்லதா, தடித்ததா?
— வாசகர், அலஸ்தோட்டம்

தடித்தது. தார் வீதியின் கரையில் மணல் கிடக்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது மெல்லிய டயர் வழுக்கும்.

மகளுக்குப் புதுக் கியர் சைக்கிள் வாங்கிப் பதினொரு நாள். உவர்மலை ஏற்றத்தில் கியரை மாற்றியதும் பின்கியர் சில்லுக் கம்பிக்குள் போய் முறிந்துவிட்டது. அவள் விழவில்லை. "விழுத்திப்போட்டு வந்து கதைக்கிறீங்கள்" என்று கடைக்காரர் ஏசுகிறார். பில் தரவில்லை.
— தாய், உவர்மலை

உங்கள் மகளில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, அக்கா. புதுச் சைக்கிள் பெட்டியில் பாதி பூட்டியபடிதான் வரும். மிச்சத்தைக் கடையில் பூட்டுவார்கள். செயினைப் பற்சக்கரம் மாற்றிவிடும் அந்தப் பின்கியரில் இரண்டு சின்னத் திருகாணிகள் உண்டு. செயின் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், வெளியே போகலாம் என்பதை அவைதான் கட்டுப்படுத்தும். உள்பக்க எல்லையைச் சரிபார்க்காமல் விட்டால், ஏற்றத்துக்காகப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றும் நேரத்தில் கியர் கம்பிக்குள் பாயும். நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக அதுதான். வலப்பக்கமாக விழுந்திருந்தால் கியரின் வெளிப்பக்கத்திலும் பெடல் நுனியிலும் உரசல் இருக்கும். உரசல் இல்லையென்றால் அந்த இடங்களைப் படம் எடுத்து வையுங்கள். திருத்தக் கொடுக்க முன்னர் எடுங்கள்.

இனி அந்தப் பில். இந்தப் பகுதியில் எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறாத விசயம் இது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். கேட்பதற்கு நாங்கள் கூச்சப்படுகிறோம். தெரிந்த கடை, ஊர்க்காரர், என்ன நினைப்பாரோ என்று பேசாமல் வந்துவிடுகிறோம். கேளுங்கள். "சைக்கிள் 1" என்று கிறுக்கித் தந்தால் அதையும் ஏற்காதீர்கள். சைக்கிளைத் தலைகீழாக்கினால் பெடல் அச்சுக்கு அடியில் பெரும்பாலும் பிரேம் இலக்கம் அடித்திருக்கும். அது பில்லில் வரவேண்டும். நாளைக்குக் களவு போனாலும் பொலிஸில் காட்ட அந்த இலக்கம்தான் இருக்கும்.

இப்போதும் பிந்திவிடவில்லை. வங்கியால் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரரோடு பரிமாறிய செய்திகள், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

26 அங்குல டயர் வாங்கினேன். என் சைக்கிளும் 26தான். றிம்மில் ஏறவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், சாம்பல்தீவு

இல்லை. நீங்கள் பார்க்கவில்லை. 26 என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் இருக்கின்றன. மலைச் சைக்கிள் டயரின் பக்கத்தில் 559 என்று முடியும் இலக்கம் இருக்கும்; 26 x 1⅜ டயரில் 590. டயர் றிம்மில் குந்தும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீற்றரில். இரண்டுக்கும் 31 மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்கும்போது எப்படி ஏறும்? பழைய டயரைக் கையோடு கொண்டுபோயிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். றிம்மில் ஏற்ற முயன்று கிழிக்காமல் இருந்தால், மாற்றித் தரச்சொல்லி மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

டச்சு பே கரையில் மாலையில் ஓடுவேன். மூன்று மாதத்தில் செயின் துருப்பிடித்துவிட்டது. மட்டமான சாமானா?
— மாணவர், திருகோணமலை நகர்

செயினைக் குறை சொல்ல மாட்டேன், தம்பி. உப்புக்காற்றில் எந்த இரும்பும் அப்படித்தான். ஓடி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு மூட்டுக்கு ஒரு துளி விடுங்கள். மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணல் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகும்.

நான் ஒருமுறை யப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்றை, பளபளப்பில் மயங்கி, சீற்றை உயர்த்திப் பாராமலே வாங்கினேன். இரும்புப் பிரேமுக்குள் சீற்றைத் தாங்கும் அலுமினியத் தண்டு. உப்பில் பூத்து இறுகியிருந்தது. மூன்று கடை ஏறியும் கழரவில்லை. முழங்கால் நோவோடு ஒரு வருசம் ஓடி, பாதி விலைக்கும் குறைவாக விற்றேன், குறையைச் சொல்லித்தான். உங்கள் சைக்கிளிலும் அந்தத் தண்டைக் கழற்றி வருசம் இரண்டு தரமாவது கிறீஸ் பூசுங்கள்.

நல்ல கியர் சைக்கிள் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பில் இல்லையாம், இலக்கம் அராவியிருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், கிண்ணியா

வேண்டாம். அதைத் தேடி யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்.